தண்ணீர் வெளியேறும் வாயிலிருந்து பின்னோக்கி: நில மட்டமும் வடிகாலும் கற்பது எப்படி

மனையின் வரைபடத்தைக் கையில் கொடுத்ததும் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதலில் மரங்களை வரைகிறார்கள். அடுத்து நடைபாதை, பிறகு திண்ணை, பிறகு புல்வெளி. மழைநீர் எங்கே போகும் என்று கேட்டால் தாளின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டு ‘வடிகால்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த அம்பு போய்ச் சேரும் இடத்தில் என்ன இருக்கிறது, அதன் மட்டம் என்ன, அடைமழையில் அங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று போய்ப் பார்த்தவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார். தோட்டமும் வளாகமும் வடிவமைக்கும் இந்தத் தொழிலில் எனக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் முதல் நாளில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். தண்ணீர் மனையை விட்டு வெளியேறும் வாயைக் கண்டுபிடியுங்கள். அதன் மட்டத்தை எடுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வரையுங்கள். மரமும் திண்ணையும் அதற்குப் பிறகு.

இதை நான் கல்லூரியில் கற்கவில்லை. நான் பிறந்தது மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். நடவுக்கு முன் வயலில் தண்ணீர் கட்டிப் பரம்பு அடிப்பார்கள். தண்ணீருக்கு மேலே தலை காட்டும் மண் மேடு; தண்ணீர் கறுத்துத் தெரியும் இடம் பள்ளம். மாடு பரம்பை இழுக்க இழுக்க மேட்டு மண் பள்ளத்துக்குப் போகும். வயல் மட்டமானதும் அப்பா வரப்பில் நின்று வடிமடையை விரலளவு திறந்துவிடுவார். “தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது பார் அம்மா” என்பார். ஒரு வைக்கோல் துரும்பு மிதந்து மெதுவாக மடைவாயை நோக்கிப் போகும். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் நிலத்துக்கும் ஒரு போக்கு உண்டு என்று எனக்கு அப்போது புரிந்தது.

கண்ணையும் காலையும் பழக்குங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுக்க இதைச் செய்யுங்கள். மழை பெய்யும்போது குடையுடன் உங்கள் தெருவில் நடந்துபோங்கள். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எந்த வீட்டு வாசலில் திரும்புகிறது என்று கையால் ஒரு படம் போட்டு அம்புகளால் குறியுங்கள். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் போய், இன்னும் தேங்கி நிற்கும் இடங்களை வட்டமிடுங்கள். அடுத்த நாள் வெயிலில் அதே இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். தேங்கிய இடத்தில் வண்டல் மெல்லிய ஏடாகப் படிந்து வெடித்திருக்கும். மதில் சுவரில் பாசிக் கோடு இருக்கும். மழையில்லாத மாதங்களில் ஒரு மனையைப் பார்க்கப் போனாலும் வெள்ளத்தின் உயரத்தைச் சொல்லும் தடயங்கள் இவைதாம்.

மொட்டை மாடியும் நல்ல பள்ளிக்கூடம். ஒரு வாளித் தண்ணீரை நடுவில் ஊற்றிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மழைநீர்க் குழாயை நோக்கி அது போனால், தள ஓடு பதித்த கொத்தனார் வாட்டம் சரியாக வைத்திருக்கிறார் என்று பொருள். வாட்டம் என்ற சொல்லை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். பாடத்தில் ‘சரிவு விகிதம்’ என்று படிப்போம். தளத்தில் “நூற்றுக்கு ஒன்று வாட்டம் வையுங்கள்” என்றால்தான் வேலை நடக்கும். நூறு சென்டிமீட்டர் போனால் ஒரு சென்டிமீட்டர் இறங்கும் என்பது அதன் பொருள். உயர வேறுபாட்டைத் தூரத்தால் வகுத்தால் வாட்டம். தூரத்தை வாட்டத்தால் பெருக்கினால் உயர வேறுபாடு. இந்தத் தொழிலின் கணக்கில் பாதி இதற்குள் அடங்கிவிடுகிறது.

மூன்றாவது பயிற்சி களிமண்ணில். ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் இரண்டு குன்றும் நடுவில் ஒரு பள்ளமுமாகக் களிமண்ணைப் பிடித்து வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் மண்ணைத் தொடும் விளிம்பில் ஈர்க்குச்சியால் கோடு கீறுங்கள். இன்னொரு சென்டிமீட்டர் ஊற்றி மறுபடி கீறுங்கள். குன்று மூழ்கும் வரை இப்படியே செய்துவிட்டு, தண்ணீரை வடித்து நேர் மேலிருந்து பாருங்கள். அந்தக் கீறல்கள்தான் சம உயரக் கோடுகள். செங்குத்தான பக்கத்தில் அவை நெருங்கியிருக்கும். சாய்வு குறைந்த பக்கத்தில் விலகியிருக்கும். ஒரு கோட்டின் மேல் ஒரு சொட்டு விட்டால் அது கோட்டுக்குச் செங்குத்தாகவே இறங்கும். இதைக் கையால் செய்தவர்களுக்கு வரைபடம் வெறும் கோடுகளாகத் தெரிவதில்லை. செய்யாமல் நேரே கணினிக்குப் போனவர்கள் மூன்றாம் ஆண்டிலும் மேட்டைப் பள்ளம் என்று படிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மட்டம் எடுப்பது

முதலில் டியூப் லெவல். கொத்தனார்கள் வைத்திருக்கும் அதே ஒளி ஊடுருவும் குழாய்தான், பதினைந்து இருபது மீட்டர் நீளம் போதும். தண்ணீர் நிரப்பிய பிறகு இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்; நீர்மட்டம் ஒரே உயரத்தில் நிற்காவிட்டால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறது. அதை வெளியேற்றாமல் ஓர் அளவும் எடுக்காதீர்கள். குழாயை யாரும் மிதிக்கக் கூடாது. தண்ணீர் ஆடி அடங்கும் வரை பொறுத்திருந்து குறிக்க வேண்டும். இருபது ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, உங்கள் வீட்டு முற்றத்தை இரண்டு மீட்டருக்கு ஒரு புள்ளியாக இப்படி அளந்து முடித்தால், அடுத்து முக்காலியில் நிறுத்திக் கிடைமட்டமாகப் பார்க்கும் தொலைநோக்கியான ஆட்டோ லெவல் கருவி பிடிபட அரை நாள்கூட ஆகாது.

ஆட்டோ லெவலில் தொடக்கத்தில் எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். ஸ்டாஃபில், அதாவது நிலத்தில் நிமிர்த்திப் பிடிக்கும் நீண்ட அளவுகோலில், தெரியும் எண் பெரிதாக இருந்தால் நிலம் தாழ்வு; எண் சிறிதாக இருந்தால் நிலம் உயரம். அசையாத ஓர் இடத்தை, பாலத்தின் மூலைக் கல்லையோ கோயில் படியையோ, அடையாள மட்டமாக வைத்துக்கொண்டு அதற்கு 100.000 மீட்டர் என்று பெயரிடுங்கள். அங்கே ஸ்டாஃப் 1.425 காட்டினால் கருவியின் உயரம் 101.425. பிறகு மனையின் ஒரு மூலையில் 0.575 காட்டினால் அந்த மூலை 100.850. இன்னொரு மூலையில் 1.325 என்றால் அது 100.100. வேலை முடிந்ததும் மறுபடியும் அடையாள மட்டத்துக்கே வந்து படியுங்கள். சிறிய மனையில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் அன்றைய அளவை முழுவதையும் திரும்ப எடுக்கச் சொல்வேன். நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்றால் ஐந்து மில்லிமீட்டர் என்பது அரை மீட்டர் ஓட்டம்.

மனைக்குள் மட்டும் அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். சாலையின் நடுப்பகுதி, சாலை ஓரம், தெரு வடிகாலின் மேல்விளிம்பு, அதன் அடி, பக்கத்து மனைகளின் எல்லையோர மட்டம், இவை எல்லாம் வேண்டும். மழைக் கறை இருந்தால் அதன் உயரமும் வேண்டும்.

கோடு வரைதல்

புள்ளிகளுக்கு இடையே சம உயரக் கோட்டைக் கொண்டுபோவது நேர் விகிதக் கணக்கு. ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகள் 100.62, 100.42 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100.50 எங்கே இருக்கும்? மொத்த இறக்கம் 20 சென்டிமீட்டர். உயரமான புள்ளியிலிருந்து நமக்கு வேண்டிய இறக்கம் 12. எனவே அந்தப் புள்ளியிலிருந்து மூன்று மீட்டரில் கோடு கடக்கும். ஐம்பது அறுபது முறை கையால் செய்தபின் கண்ணே கணக்குப் போடும்.

இருக்கும் நிலத்தின் கோடுகளைப் புள்ளிக்கோடாகவும், நீங்கள் மாற்றப்போகும் கோடுகளை முழுக்கோடாகவும் வரைவது வழக்கம். கோடு மேட்டை நோக்கி மூக்கு நீட்டினால் அங்கே ஓடை; தாழ்வை நோக்கி மூக்கு நீட்டினால் அங்கே முகடு. நீங்கள் வரையும் ஒவ்வொரு முழுக்கோடும் பழைய கோட்டிலிருந்து பிரிந்து, உங்கள் எல்லைக்குள்ளேயே பழைய கோட்டுடன் சேர்ந்துவிட வேண்டும். எல்லையைத் தாண்டிப் போனால் பக்கத்து வீட்டுக்காரரின் நிலத்தை நீங்கள் மாற்றி வரைகிறீர்கள் என்று பொருள்.

ஒரு மனை, வாயிலிருந்து பின்னோக்கி

செங்கல்பட்டு மாவட்டத்தில் நான் செய்த ஒரு வீட்டு மனையை எடுத்துக்கொள்கிறேன். எண்களைப் பாடத்துக்காகச் சற்று எளிமையாக்கியிருக்கிறேன். தெற்கே சாலை. கிழக்கு மேற்காக 20 மீட்டர், தெற்கு வடக்காக 40 மீட்டர். வடகிழக்கு மூலை 100.85, தென்கிழக்கு மூலை 100.10. தெரு வடிகால் தென்கிழக்கு மூலையை ஒட்டி ஓடுகிறது. அதன் அடிமட்டம் 99.55.

இங்கேதான் நான் தொழிலுக்கு வந்த புதிதில் பெரிய தவறு செய்தேன். வேறொரு வீட்டில், உள்முற்றத்தின் தண்ணீரைத் தெரு வடிகாலின் அடிமட்டத்தைப் பார்த்து இறக்கி விட்டேன். கோடுகள் எல்லாம் சரியாக இருந்தன, வாட்டம் சரி, குழாய் சரி. நவம்பரில் தெரு வடிகால் நிரம்பியது. நான் வெளியே அனுப்ப வைத்த குழாய் வழியாகவே தெருத் தண்ணீர் முற்றத்துக்குள் வந்தது. இரவு பதினொரு மணிக்கு அந்த வீட்டு அம்மாள் அழைத்தபோது அவர்கள் பூஜை அறைப் பொருட்களைக் கட்டிலின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் எனக்கு இன்றும் கேட்கிறது. அன்றிலிருந்து நான் வடிகாலின் அடியை நம்பி வரைவதில்லை; மழை நாளில் வடிகாலுக்குள் நிற்கும் தண்ணீரின் மேல்மட்டத்தையே எடுக்கிறேன்.

செங்கல்பட்டு மனையில் வடிகால் சுவரின் உட்புறம் சேற்றுக் கோடு அடியிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருந்தது. ஆக, மழை நாளின் மட்டம் 99.95. எதிர் வீட்டுப் பெரியவரிடம் கேட்டபோது அவரும் அதே உயரத்தைக் கையால் காட்டினார். எனவே என் வாய் அதற்கு மேலே, 100.00. ஐந்து சென்டிமீட்டர்தான் இடைவெளி. கூடுதலாக வேண்டும், மனையில் அதற்கு இடமில்லை. அதனால் வாயில் வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் ஒரு தட்டுக் கதவை வைத்தோம்.

இனி பின்னோக்கி நடப்போம். கிழக்கு மதிலை ஒட்டி, ஆழமில்லாத ஒரு புல் வாய்க்கால். நூற்றுக்கு ஒன்று வாட்டம். வாயிலிருந்து 30 மீட்டர் உள்ளே வந்தால் வாய்க்காலின் அடி 100.30, அங்கேதான் வீட்டின் பின்சுவர் முடிகிறது. வாய்க்காலின் ஆழம் 15 சென்டிமீட்டர், எனவே கரை 100.45. கரையிலிருந்து வீட்டுச் சுவர் மூன்று மீட்டர். சுவரை ஒட்டிய மண் தண்ணீரை வேகமாகத் தள்ளிவிட வேண்டும் என்பதால் அங்கே நூற்றுக்கு ஐந்து வாட்டம் வைப்பேன். 15 சென்டிமீட்டர் ஏற்றம். சுவரடி மண் 100.60. அதற்கு மேல் 45 சென்டிமீட்டர் விட்டு வீட்டின் பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தளத்தின் மட்டம், 101.05.

கட்டட வரைபடத்தில் பேஸ்மட்டம் 100.80 என்று ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். சாலையைப் பார்த்து ஒரு சுற்று எண்ணாக அது முடிவு செய்யப்பட்டிருந்தது. பின்சுவரில் மண்ணுக்கு மேல் வெறும் 20 சென்டிமீட்டர்தான் மிஞ்சியிருக்கும். நம் ஊரில் சாலைக்குப் புதிதாகத் தார் போடும்போதெல்லாம் அது கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. பத்தாண்டுகளில் வீடு தெருவுக்குக் கீழே போன தெருக்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைக் காட்ட முடிந்ததால் 25 சென்டிமீட்டர் உயர்த்த ஒப்புக்கொண்டார்கள். கட்டடம் எழும்பிய பிறகு தோட்டக்காரரை அழைப்பது நம்மிடம் இருக்கும் கெட்ட வழக்கம். வடிகால் தெரிந்த ஒருவர் அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே மனையில் நிற்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் மன்றாடுகிறேன்.

பேஸ்மட்டம் உயர்ந்ததும் வாசல் பிரச்சினை வந்தது. முன்புறச் சுவரடி மண் 100.40, தளம் 101.05; இடையே 65 சென்டிமீட்டர். 13 சென்டிமீட்டர் வீதம் ஐந்து படிகள் என்றால் ஏறுவதற்கு இதம். அந்த வீட்டின் பாட்டிக்குச் சக்கர நாற்காலி. சாய்தளத்துக்குப் பன்னிரண்டுக்கு ஒன்றை விடச் செங்குத்தாகப் போகக் கூடாது, 0.65-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 7.8 மீட்டர் ஓட்டம். அதற்கு நடுவில் திரும்பி நிற்க ஒரு சமதளம். முன்முற்றத்தின் ஆழம் பத்து மீட்டர்தான். அதை எல் வடிவில் மடித்து, மடிப்பில் ஒரு செம்பருத்திப் பாத்தி வைத்தோம். அந்த முற்றத்தின் அழகு முழுவதும் இப்போது அந்தச் சாய்தளத்தில்தான் இருக்கிறது.

எவ்வளவு தண்ணீர் வரும்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இதை மனப்பாடம் செய்துவிட்டால் பயம் போய்விடும். ஆனால் பெய்வது எல்லாம் ஓடுவதில்லை. கூரையில் பத்தில் ஒன்பது பங்கு ஓடும். பேவர் பிளாக் தளத்தில் எட்டுப் பங்கு. தோட்ட மண்ணில் மண்ணைப் பொறுத்து. பாடநூல்களில் புல்வெளிக்கு மிகக் குறைந்த எண்களைப் பார்ப்பீர்கள். நம் வடகிழக்குப் பருவமழையில் அந்த எண்களை நான் எடுப்பதில்லை. அக்டோபர் முழுக்கக் குடித்த களிமண் நவம்பரில் இனி வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்கிறது. ஆகவே களிமண் தோட்டத்துக்குப் பத்தில் நான்கு.

அந்த மனையில் கூரை 200 சதுர மீட்டர், தளம் 150, தோட்டம் 450. பங்குகளால் பெருக்கினால் 180, 120, 180, கூட்டினால் 480. மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால் 28,800 லிட்டர். 3,600 வினாடிகளால் வகுத்தால் வினாடிக்கு 8 லிட்டர். இந்த 60 என்ற எண் பயிற்சிக்காக. உண்மையான வேலைக்கு அந்த ஊரின் மழைப் பதிவிலிருந்து, குறுகிய நேரத்தில் எவ்வளவு கொட்டுகிறது என்ற வளைகோட்டைப் பார்த்து எடுக்க வேண்டும்.

புல் வாய்க்கால் அதைத் தாங்குமா? இதற்கு அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தந்த சூத்திரத்தை உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறோம். நீர் ஓடும் குறுக்குப் பரப்பை அது தொடும் விளிம்பின் நீளத்தால் வகுக்க வேண்டும். வருவதன் மூன்றில் இரண்டு அடுக்கை வாட்டத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, சொரசொரப்பு எண்ணால் வகுத்தால் நீரின் வேகம் கிடைக்கும். நம் வாய்க்கால் மேலே 1.2 மீட்டர் அகலம், நடுவில் 15 சென்டிமீட்டர் ஆழம், முக்கோண வடிவம். பரப்பு 0.09 சதுர மீட்டர், நனையும் விளிம்பு 1.24 மீட்டர். புல்லுக்குச் சொரசொரப்பு 0.035 என்று வைத்தால் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். முழுக்க நிரம்பினால் வினாடிக்குச் சுமார் 45 லிட்டர். நமக்கு வேண்டிய 8 லிட்டருக்கு எட்டு சென்டிமீட்டர் ஆழம் போதும். புல்லை வெட்டாமல் விட்டால் இந்தக் கணக்கு கெடும். அதற்காகவே மீதி ஏழு சென்டிமீட்டரை விட்டுவைத்தேன்.

கேட்டுக்குக் கீழே மட்டும் வாய்க்கால் குழாயாக மாறுகிறது. ஆறு அங்குலக் குழாய் நூற்றுக்கு ஒன்று வாட்டத்தில் வினாடிக்குச் சுமார் 15 லிட்டர் கொண்டுபோகும், எனவே கணக்குப்படி போதும். நான் ஒன்பது அங்குலம் போட்டேன். வேப்பஞ்சருகு கணக்குப் பார்த்து உதிர்வதில்லை.

மீதி எல்லா இடத்திலும் திறந்த புல் வாய்க்காலே என் விருப்பம். அடைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீர் போகிற வழியில் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்குகிறது. கோடையில் குழந்தைகள் அதில் உருண்டு விளையாடுகிறார்கள். பெரிய அளவில் இதைப் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்காவைப் பாருங்கள். 2.7 கிலோமீட்டர் நேர்க் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கி 2012-இல் திறந்தார்கள். மழை நாளில் ஆறு பூங்காவுக்குள் விரிகிறது. மற்ற நாட்களில் மக்கள் கரையில் நடக்கிறார்கள்.

இத்தனை கணக்குக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கணக்கை மீறி மழை வந்தால்? 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. 800 சதுர மீட்டர் மனையில் அது ஏறக்குறைய நான்கு லட்சம் லிட்டர். எந்த வீட்டு வாய்க்காலும் அதற்காக வெட்டப்படுவதில்லை. நம் ஏரிகளைக் கட்டியவர்கள் இதற்கு விடை வைத்திருந்தார்கள். பாசனத்துக்கு மதகு, மிஞ்சிய வெள்ளத்துக்குக் கலிங்கு. கரை உடையாமல் இருப்பது கலிங்கினால்தான். உங்கள் ஒவ்வொரு வடிவமைப்பிலும் ஒரு கலிங்கு இருக்க வேண்டும். வாய்க்கால் பொங்கினால் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும், அந்த வழி வீட்டின் தளத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை வரைபடத்தில் தனி நிறத்தில் காட்டுங்கள். செங்கல்பட்டில் அது கேட்டின் நடுப்பகுதி. கேட்டடித் தளத்தை 100.30-க்கு மேல் போகவிடவில்லை. வீட்டுத் தளத்துக்கும் அதற்கும் இடையே 75 சென்டிமீட்டர்.

வாட்டம் எங்கே எவ்வளவு

சிமெண்டுத் தளத்துக்கு நூற்றுக்கு ஒன்று போதும். பேவர் பிளாக், கருங்கல் தளங்களுக்கு ஐம்பதுக்கு ஒன்று. கல்லுக்குக் கல் மேடு பள்ளம் வரும், அதை விழுங்க இந்தக் கூடுதல் வேண்டும். புல்வெளிக்கும் ஐம்பதுக்கு ஒன்று. அதற்குக் கீழே போனால் சதசதப்பு தீராது. நடைபாதையின் குறுக்கு வாட்டம் ஐம்பதுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வயதானவர்களின் கால் ஒரு பக்கம் இழுக்கும். புல் வெட்டும் இயந்திரம் போக வேண்டிய சரிவு மூன்றுக்கு ஒன்றுக்குள் இருக்கட்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் புல்லை மறந்துவிட்டு வெட்டிவேர் நடுங்கள், அல்லது கல் பதியுங்கள்.

மண்ணும் மரமும்

வேலை தொடங்கும் முதல் நாளே மேல்மண்ணை அரை அடி ஆழத்துக்கு வழித்து ஓர் ஓரத்தில் குவித்து வையுங்கள். உயிர் உள்ள மண் அது. ஜே.சி.பி. ஓட்டுநருக்கு எல்லாம் ஒரே மண்தான். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வெட்டும் மண்ணும் நிரப்பும் மண்ணும் சரிக்குச் சரியாக வந்தால் லாரிச் செலவு இல்லை. வெட்டி எடுத்த மண் தளர்ந்து கால் பங்கு வரை பருக்கும், கெட்டித்தால் மறுபடி சுருங்கும் என்பதை மறந்தால் கணக்கு தவறும். வெளியிலிருந்து மண் வாங்கினால் யூனிட் கணக்கில் விலை பேசுவார்கள். ஒரு யூனிட் நூறு கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 60 கன மீட்டர் கெட்டித்த மண் வேண்டுமென்றால் தளர் மண்ணாக 75 கன மீட்டர், ஏறக்குறைய 27 யூனிட் கேளுங்கள். நிரப்பும்போது அரை அடிக்கு ஓர் அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாகக் கெட்டியுங்கள். மூன்றடியை ஒரே நாளில் கொட்டி மேலே மட்டும் உருளை ஓட்டினால் அடுத்த மழையில் நிலம் உட்காரும். நீங்கள் பாடுபட்டு வைத்த வாட்டம் தலைகீழாகும்.

செங்கல்பட்டில் கிழக்கு ஓரம் வெட்டிய மண் முன்முற்றம் நிரப்பியது போகக் கொஞ்சம் மிஞ்சியது. மேற்கு ஓரத்தில் ஒரு முதிர்ந்த வேப்பமரம். “அதன் அடியில் மேடை மாதிரி போட்டுவிடலாமே அம்மா, உட்கார வசதியாக இருக்கும்” என்றார் மேஸ்திரி. நல்ல மனதுடன்தான் சொன்னார். மரத்துக்கு உணவு தேடும் வேர்கள் பெரும்பாலும் மேலடுக்கு மண்ணில்தான் மூச்சு விடுகின்றன. அதன் மேல் ஓரடி மண் கொட்டினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் கிளை நுனியிலிருந்து காய்ந்து வரும். அப்போது யாருக்கும் இந்த மண் நினைவிருக்காது. நான் அவரை அழைத்துப்போய், கிளைகள் பரவிய எல்லை வரை சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுக் காட்டி, “அண்ணே, இதற்குள் ஒரு சட்டி மண்ணும் வரக் கூடாது, ஒரு சட்டி மண்ணும் போகக் கூடாது” என்றேன். அந்த வட்டத்துக்குள் பழைய மட்டமே இருந்தது. என் கோடுகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின.

தளத்தில் நிற்கும் நாட்கள்

வரைபடத்தில் நூறு எண்கள் இருந்தாலும் தளத்தில் வேலை செய்பவர்களுக்குத் தேவை ஏழெட்டு முளைக்குச்சிகள். வாய், வாய்க்கால் திரும்பும் இடங்கள், சுவரடி, கேட்டின் நடு. ஒவ்வொன்றிலும் முடியும் மட்டத்தைச் சிவப்பு மையால் கோடு போட்டு, குச்சிக்குக் குச்சி நூல் கட்டிவிடுங்கள். கோட்டின் பொருளை வேலையாட்களிடம் சொல்லுங்கள்: மண் முடியும் மட்டமா, அதன் மேல் பதிக்கும் கல்லின் மட்டமா? இந்த ஒரு கேள்வியைத் தெளிவாக்காமல் விட்டதால் எட்டு சென்டிமீட்டர் மேலே போன தளங்கள் பல.

புல் பதிப்பதற்கு முந்தைய நாள் தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். ஒரு டேங்கர் லாரி போதும். மேட்டு முனையிலிருந்து குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரின் முன்னால் நீங்களும் நடந்து வாருங்கள். எங்கே தயங்குகிறது, எங்கே பக்கவாட்டில் பிரிகிறது என்று பாருங்கள். வாயில் தட்டுக் கதவு திறந்து தண்ணீர் வடிகாலில் விழும் வரை இருங்கள். குழாயை மூடி அரை மணி நேரம் கழித்து, இன்னும் தண்ணீர் நிற்கும் இடங்களைச் சுற்றிக் கோலமாவால் வட்டம் போடுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை நடுவில் வைத்துப் பாருங்கள். மேற்பரப்பு நனையாவிட்டால் அதை மண்ணே குடித்துவிடும், விட்டுவிடலாம். நாணயம் மூழ்கினால் அந்த வட்டத்துக்குள் மண் போட்டு மட்டப்பலகையால் இழுத்து, கெட்டித்து, மறுபடியும் தண்ணீர் விடுங்கள். செங்கல்பட்டில் ஏழு வட்டங்கள் விழுந்தன. மாலை ஆறு மணிக்குள் ஏழையும் அழித்துவிட்டு, மறுநாள் காலை புல் லாரியை வரச் சொன்னோம்.